இலவச வைத்தியமும் தரிப்பிடக் கட்டணமும்

கணக்குப்பிள்ளை: கனடாவின் ஸ்காபரோவில் குடியேறி ஓராண்டும் ஆகாத ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு இரத்தப் புற்றுநோய் என்றும், மருத்துவமனையின் வாகனத் தரிப்பிடக் கட்டணமே பெற்றோரை முறித்துவிட்டது என்றும், ஆகவே எமது பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்க வேண்டும் என்றும் நேற்று தூறல் எழுதியிருந்தார். ஓஹிப் எனப்படும் மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை உள்ள பிள்ளையின் மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஒன்ராறியோவில் எவரும் ஒரு சதமும் கேட்பதில்லை. நாளொன்றுக்கு 10 டொலருக்கு மேல் தரிப்பிடக் கட்டணம் அறவிடும் மருத்துவமனைகள் பல நாள் அட்டைகளைப் பாதி விலைக்கு விற்க வேண்டும் என்று 2016 ஒக்டோபரிலேயே விதி வந்துவிட்டது. இதையெல்லாம் விசாரிக்காமல் உண்டியலைத் தூக்குவது எமது சமூகத்தின் பழைய நோய்.

தூறல்: பாதி விலை என்பது இலவசம் அல்ல, ஐயா. கடும் நோயுற்ற பிள்ளையைப் பராமரிக்கும் பெற்றோருக்கு வேலைக் காப்புறுதி 35 வாரங்கள் வரை, அதுவும் வருமானத்தில் 55 சதவீதம் மட்டுமே தருகிறது. அதைப் பெறவும் முந்திய ஓராண்டில் 600 மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். உணவகத்தில் கைக்காசுக்கு வேலை செய்த தகப்பனுக்கு அந்த மணித்தியாலங்களை யார் எழுதிக் கொடுப்பார்? இந்த நோய்க்கான சிகிச்சையோ இரண்டு ஆண்டுகளையும் தாண்டக்கூடும்.

கணக்குப்பிள்ளை: நான் தரிப்பிடத்தைப் பற்றிக் கேட்டேன், தூறல் வேலைக் காப்புறுதியைப் பற்றிப் பேசுகிறார். அந்த அட்டை ஓராண்டுக்குச் செல்லுபடியாகும், வேறொரு வாகனத்துக்கும் மாற்றலாம். அவர்கள் அதை வாங்கினார்களா, இல்லையா?

எக்ளின்டன் கிழக்கு: அவர்களிடம் காரே இல்லை. வெள்ளை அணுக்கள் குறைந்து தொற்று எளிதில் பற்றக்கூடிய நாட்களில் பிள்ளையை நெரிசலான பேருந்தில் ஏற்ற அஞ்சுவதாலும், காய்ச்சல் 38.3 பாகையைத் தொட்டால் நள்ளிரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டியிருப்பதாலும், அயல்வீட்டுக்காரர்தான் தமது காரில் ஏற்றிச் செல்கிறார்.

கணக்குப்பிள்ளை: அருமை! காரே இல்லாத குடும்பத்தைத் தரிப்பிடக் கட்டணம் முறித்ததாம். நிதி சேர்ப்பவர்கள் முதலில் தம் கதையை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

எக்ளின்டன் கிழக்கு: அயலவர் காரைத் தம் தலையில் வைத்துக்கொண்டா உள்ளே போவார்? பெற்றோல் அவருடையது, கட்டணமாவது எம்முடையதாக இருக்கட்டும் என்று அந்தத் தாய் பிடிவாதமாகக் கொடுக்கிறார். மானமுள்ளவர்களுக்கு இது விளங்கும்.

நெடுந்தீவான்: நாங்கள் வந்த காலத்தில் ஓஹிப் கிடைக்கவே மூன்று மாதம் காத்திருந்தோம், அந்தக் காத்திருப்பை 2020இல்தான் நீக்கினார்கள். அகதிக் கோரிக்கையாளரின் மருத்துவக் காப்பை மத்திய அரசு 2012இல் வெட்டியபோது, அது கொடூரமானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. அன்று வாய் திறக்காத கணக்குப்பிள்ளை இன்று தரிப்பிட அட்டைக்குச் சட்டம் பேசுகிறார். சென்ற ஆண்டு இராப்போசன விருந்தின் மண்டப வாடகைக்குச் சங்கம் எவ்வளவு கொடுத்தது என்பதையும் அவரே சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை: மண்டபக் கணக்கு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டது, நெடுந்தீவான் அப்போது சாப்பாட்டு வரிசையில் நின்றார். பாதி விலை அட்டையைப் பற்றி இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தூறல்: மருத்துவமனையில் ஒரு பெற்றோர் தங்க, மற்றவர் வேலைக்குப் போக, இளைய பிள்ளையைப் பார்க்க வீட்டில் யாருமில்லை. அம்மம்மாவைச் சுப்பர் விசாவில், அதாவது பெற்றோர் நீண்டகாலம் வந்து தங்குவதற்கான விசாவில், அழைக்கலாம் என்றால், ஓராண்டுக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதியும், அழைப்பவருக்கு நிர்ணயித்த வருமானமும் வேண்டும். பிள்ளை நோயில் விழுந்ததும் முதலில் குறைவது அந்த வருமானம்தான். உணவு, தங்குமிடம், கூடப்பிறந்த பிள்ளையின் பராமரிப்பு ஆகிய செலவுகளுக்குப் பொகோ எனப்படும் ஒன்ராறியோ சிறுவர் புற்றுநோயியல் குழு உதவுகிறது. அதற்கான படிவத்தை அவர்களுடன் இருந்து நிரப்பவாவது சங்கத்திலிருந்து ஒருவர் வரட்டும்.

கணக்குப்பிள்ளை: அப்படியானால் உதவி இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு எதற்கு உண்டியல்?

எக்ளின்டன் கிழக்கு: படிவம் நிரப்ப வருகிறீர்களா, ஐயா?

கணக்குப்பிள்ளை: முதலில் அந்த அட்டையை வாங்கினார்களா என்று சொல்லுங்கள்.