கோல்ட் ஏர் இன்டேக்: நானே செய்ததைத் திருத்துவதா, தயார்நிலைத் தொகுப்புக்கு மாறுவதா?

என்னுடைய வாகனம் 2006ஆம் ஆண்டு செவர்லே சில்வராடோ 1500; 5.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின். மூன்று மாதங்களுக்கு முன், அசல் ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) கழற்றிவிட்டு, 4 அங்குல பிவிசி குழாய், ரப்பர் இணைப்புகள், கூம்பு வடிவ ஃபில்டர் ஆகியவற்றைக் கொண்டு ஒரு கோல்ட் ஏர் இன்டேக்கை (எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கும் அமைப்பு) நானே செய்து பொருத்தினேன். இரண்டு வாரங்களுக்குப் பின் செக் எஞ்சின் விளக்கு எரியத் தொடங்கியது. ஸ்கேனரில் பி0171, பி0174 ஆகிய குறியீடுகள் வருகின்றன. அதாவது, எஞ்சினின் இரு பக்கங்களிலும் காற்று மிகுந்து எரிபொருள் குறைகிறது. ஐடிலிலும் (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடும் நிலை) எஞ்சின் சீராக ஓடுவதில்லை.

எஞ்சினுக்குள் செல்லும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரை அதற்குரிய கிளீனரால் சுத்தம் செய்தேன். ஃபில்டர் எண்ணெய் பூசாத உலர் வகை என்பதால், சென்சார் கம்பியில் எண்ணெய் படிந்திருக்க வாய்ப்பில்லை. குழாய்க்குள் புகை செலுத்திக் கசிவைத் தேடும் புகைச் சோதனையில், வெப்பத்தால் பிவிசி குழாய் நெளிந்து, சென்சாருக்கும் த்ராட்டில் பாடிக்கும் (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு) இடையிலான இணைப்பில், அதாவது சென்சார் அளக்காத காற்று நுழையக்கூடிய இடத்தில், கசிவு இருப்பது தெரிந்தது. அதை அடைத்தும், ஒரே வாரத்தில் குறியீடுகள் திரும்பிவிட்டன. அலுமினியத் தகட்டால் வெப்பத் தடுப்பு அமைத்தேன். ஓட்டத்தில் பயன் தெரிந்தது, ஆனால் நெரிசலில் நிற்கும்போது உள்ளிழுக்கும் காற்று முன்போலவே சூடாகிறது. அசல் ஏர் பாக்ஸை நான்கு நாள்கள் மீண்டும் பொருத்திப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே குறை என் அமைப்பில்தான் உள்ளது.

அலுமினியக் குழாயும் மூடிய பெட்டியும் கொண்டு மறுபடி நானே செய்தால் இச்சிக்கல் தீருமா, அல்லது இந்த மாடலுக்கென வடிவமைத்த தயார்நிலைத் தொகுப்பையே வாங்க வேண்டுமா?