'எவர்கிரீன்': பச்சையே இல்லாத இலைக்கு என்ன பெயர்?

காட்பாடியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம்.

தோட்டக்கலைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும், ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடலோரத் தோட்டத்துக்கும் தொட்டிக்கும் ஏற்ற செடிகள் என்று ஒரு அத்தியாயம். அதில் காப்ரோஸ்மா என்ற நியூசிலாந்துக் குறுஞ்செடிக்கு நாலு பக்கம். உப்புக்காற்றைத் தாங்கும், இலை எண்ணெய் தடவித் துடைத்ததுபோல மின்னும், மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று விதவிதமான வகைகள் உண்டு. குளிர் ஏற ஏற நிறம் இன்னும் அடர்ந்துகொண்டே போகும். இங்கிலாந்தில் கடலோரமாகத் தரையில் வைக்கிறார்கள், குளிர் அதிகமான உள்பகுதிகளில் தொட்டியில் வளர்த்து, உறைபனி விழுமுன் தொட்டியோடு தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள்.

இதெல்லாம் எழுதியாகிவிட்டது. சிக்கல் முதல் வரியில். மூலத்தில் 'எவர்கிரீன்' என்று இருக்கிறது, அதாவது எல்லாப் பருவத்திலும் இலையோடு நிற்கும் செடி. பள்ளிப் புவியியல் பாடத்தில் 'பசுமை மாறாக் காடுகள்' என்று படித்தவன் என்பதால் யோசிக்காமல் 'பசுமை மாறாக் குறுஞ்செடி' என்று போட்டேன். அடுத்த வரி: 'இலைகள் செம்பழுப்பு, குளிர்காலத்தில் கருஞ்சிவப்பாக மாறும்.' படித்துப் பார்த்த என் மகள், "எதுப்பா சரி, மேல இருக்கறதா கீழ இருக்கறதா?" என்று கேட்டாள். பசுமையும் இல்லை, மாறாமலும் இல்லை.

இன்னொன்று, அதே வரியில் 'டெண்டர்' என்றும் வருகிறது. முதலில் 'மென்மையான' என்று எழுதிவிட்டேன், தவறு. அந்த இலை தோல்போல் தடித்தது. உறைபனியில் கருகிவிடும் என்பதுதான் பொருள். இரண்டுக்கும் சொல் வேண்டும்.

ஆரணியிலிருந்து, தமிழாசிரியர் (ஓய்வு):

தம்பி, பாடநூல் சொல்லில் பிழையே இல்லை. பசுமை என்றால் பச்சை நிறம் மட்டும்தான் என்று நாமே குறுக்கிக்கொண்டோம். பச்சைக் குழந்தை பச்சையாகவா இருக்கிறது? பச்சைத் தண்ணீருக்கு நிறமுண்டா? பச்சைப் புண் சிவப்பு, பச்சரிசி வெள்ளை, பசும்பொன் மஞ்சள். தலைவியின் மேனியில் பசலை படர்ந்தால் அவள் பச்சையாகிவிடுவதில்லை, நிறம் வெளிறிப்போகிறாள். பசுமை என்பதன் உள்ளே இருப்பது புதுமை, இளமை, உயிர்ப்பு. பை என்ற அடியைப் பாருங்கள்: பைந்தமிழ், பைங்கூழ், பைங்கிளி. சிறுவனுக்குப் பைதல் என்றொரு பழஞ்சொல் இருக்கிறது, பையனும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பாசி, பயிர், பயறு எல்லாமே அந்த ஒரு வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு, இதை விரிவாக எழுத ஒரு தனி மடல் வேண்டும். ஆகவே செம்பழுப்பு இலையும் பசுமை மாறாத இலையே. 'மாறா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் வந்தால் மிகும், 'பசுமை மாறாச் செடி'. மாற்ற வேண்டாம்.

குடியாத்தத்திலிருந்து, தாவரவியல் ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொல்வதைப் படிக்கையில் மனம் நிறைந்துவிட்டது. ஆனால் இதைப் பதினொன்றாம் வகுப்பில் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பசுமை என்றதும் பிள்ளைகள் பச்சையம் என்று எழுதுகிறார்கள். செவ்விலைச் செடியைக் காட்டி இது பசுமை மாறாத் தாவரம் என்றால், கடைசி பெஞ்சில் இருப்பவன் மட்டுமல்ல, முதல் பெஞ்சும் முழிக்கிறது. இலையுதிர் தாவரம் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு எதிர்ச்சொல் 'உதிராத்தழைச் செடி'. கேட்டவுடன் விளங்கும்.

'டெண்டர்'க்கு 'உறைபனி தாங்காத' என்று நேரடியாகப் போடுங்கள். வெறும் 'பனி தாங்காத' போதாது. மார்கழியில் கோலம் போடும்போது தலையில் இறங்குவதும் நமக்குப் பனிதான், அதில் எந்தச் செடியும் கருகாது. உறைபனி பார்க்க ஊட்டி போன்ற மலையூருக்குத்தான் போகவேண்டும், டிசம்பர் ஜனவரியில்.

சத்துவாச்சாரியிலிருந்து, மாடித்தோட்டக்காரர்:

'உறைபனி தாங்காத' நல்லா இருக்கு, அதை முடிச்சிடலாம். 'உதிராத்தழை' மட்டும் வேண்டாம், டீச்சரம்மா. எங்க வாசல்ல மாமரம் இருக்கு. அது எவர்கிரீன்தானே? தினமும் காலையில ஒரு முறம் சருகு கூட்டித் தள்றேன். உதிராத மரம்னு அச்சுல போட்டா என் துடைப்பமே சாட்சி சொல்லும்.

குரோட்டன்ஸையே எடுத்துக்கங்க. காப்ரோஸ்மாவை நான் கண்ணால பார்த்ததில்ல, ஆனா குரோட்டன்ஸ் பன்னிரண்டு தொட்டி வெச்சிருக்கேன். இப்ப என் முன்னால இருக்கற இலை ஒரு சாண் நீளம். நடு நரம்பு ரோஜா நிறம், அதிலிருந்து கிளம்பற சின்ன நரம்பெல்லாம் மஞ்சள், நரம்புக்கு நடுவுல மட்டும் துண்டு துண்டா கரும்பச்சை. கொழுந்து முதல்ல மஞ்சளும் பச்சையுமா வரும், முத்த முத்தத்தான் சிவப்பு ஏறும். வெளிச்சம் குறைஞ்ச இடத்துல வெச்சா பச்சைக்கே திரும்பிடும். போன வருஷம் கத்திரி வெயிலுக்குப் பயந்து ஒரு தொட்டியை மாடியிலிருந்து படிக்கட்டுக்குக் கீழ இறக்கினேன், ஒரே வாரத்துல பாதி இலை கொட்டிடுச்சு. இடம் மாத்தினா கோவிச்சுக்கற செடி அது. ஆனா மொட்டையா நிக்கல, நுனியில புதுசு வந்துக்கிட்டேதான் இருந்தது.

நான் செடி வாங்கற நர்சரியில தண்ணி ஊத்தற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. வாதநாராயணனுக்கும் குரோட்டன்ஸுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு நாள் பேச்சுவாக்குல கேட்டேன். "அது மொட்டையாயிடும், இது எப்பவும் மொட்டையே ஆவாதும்மா" என்றார்கள். விஷயம் அவ்வளவுதான். இலை உதிருதா இல்லையாங்கறது கேள்வி இல்ல, செடி மொட்டையாகுதா இல்லையாங்கறதுதான். 'மொட்டையாகாச் செடி'ன்னு போடலாமே?

வாலாஜாவிலிருந்து:

அச்சில் மொட்டை வேண்டாமே. திருப்பதிக்குப் போகிற பாதையில் இருக்கிற ஊர் என்னுடையது, மொட்டை என்றால் எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். ஆனால் அந்த அம்மாவின் கருத்து மிகச் சரி. இலை எப்போதும் நிலைத்திருக்கிறது, எனவே 'நிலையிலைச் செடி'. சுருக்கமாக இருக்கிறது.

அப்புறம் காப்ரோஸ்மா என்று அப்படியே எழுதுவதில் எனக்கு வருத்தம். கிரேக்கத்தில் கோப்ரோஸ் என்றால் சாணம், ஓஸ்மே என்றால் மணம். அந்தப் பேரினத்தில் சிலவற்றின் இலையைக் கசக்கினால் நாற்றமடிக்கும், அதனால் வந்த பெயர். நம்ம நுணா, இட்லிப்பூ, காப்பி எல்லாம் இதன் குடும்பம்தான். உறவுக்காரச் செடிக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டாமா? 'சாணநாறி' என்று வைக்கலாம்.

ஆரணியிலிருந்து:

நிலையிலையை உரக்கப் படித்துப் பாருங்கள். 'நிலை இலை', அதாவது நிலை இல்லை. இலை என்பது இல்லை என்பதன் இடைக்குறையாகவும் வரும். எதைச் சொல்ல வந்தோமோ அதற்கு நேர் எதிராக ஒலிக்கிறது. இது கூடவே கூடாது.

சாணநாறி குறித்து: நாறுதல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறிக்கும். ஆண்டாள் 'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று கேட்டது எதை?

குடியாத்தத்திலிருந்து:

ஐயா, நீங்களே என் வழக்கை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். ஆண்டாள் காலத்தில் நாறுதல் மணம், ஒப்புக்கொள்கிறேன். இன்று மல்லிகை நாறுகிறது என்று எழுதமுடியுமா? பழைய பொருள் சரி என்பதாலேயே இன்றைக்கு அது காதில் விழாது. பசுமையும் அப்படித்தான். பசும்பொன்னும் பச்சைக் குழந்தையும் தொடராக நின்றுவிட்டதால் பிழைத்திருக்கின்றன. இலையைப் பற்றிப் பேசும் இடத்தில் மட்டும் பசுமை என்றால் பச்சை நிறம்தான், அதிலிருந்து தப்பவே முடியாது.

உதிராத்தழையை நான் திரும்பப் பெறுகிறேன். மாமரத்துச் சருகு சொன்னது சரி, எந்த இலையும் ஒருநாள் உதிரத்தான் செய்யும். மொத்தமாக ஒரே பருவத்தில் உதிராமல் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, அதற்குள் புதியது வந்துவிடுகிறது. வேம்பு மாசியில் கொட்டி உடனே துளிர்ப்பதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று வகுப்பில் எப்போதும் தகராறு.

சத்துவாச்சாரியிலிருந்து:

அப்ப 'நிறைதழை'ன்னு சொன்னா? நிறைகுடம் எல்லாருக்கும் தெரியும். குடத்துல தண்ணி மொள்ளலாம், மறுபடி ஊத்தலாம், நிறைஞ்சே இருந்தா நிறைகுடம். செடியும் அப்படித்தானே, பழசு போகும், புதுசு வரும், எப்பவும் நிறைஞ்சிருக்கும். நிறைதழைச் செடி. நிறம் பற்றி ஒரு வார்த்தையும் இல்ல, மஞ்சளா இருந்தாலும் சிவப்பா இருந்தாலும் பொருந்தும்.

காட்பாடியிலிருந்து:

அம்மா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிப் பார்த்தேன்: 'காப்ரோஸ்மா உறைபனி தாங்காத, வண்ண இலைகள் கொண்ட நிறைதழைக் குறுஞ்செடி.' மகள் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கேள்வி கேட்காமல் போய்விட்டாள். மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

வாலாஜாவிலிருந்து:

எனக்குச் சம்மதம். சாணநாறியை அடைப்புக்குறிக்குள்ளாவது சேர்க்கப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

தழை என்றால் எங்கள் பக்கம் ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. பாடத்தில் தழைச்சத்து என்று வேறு இருக்கிறது. ஆனால் இதைவிட நல்லது என்னிடமும் இல்லை. சரி என்றே வையுங்கள்.

ஆரணியிலிருந்து:

வினைத்தொகையாகச் சொல் அழகாக அமைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. என் மறுப்பு வேறு. காட்டுக்குப் பசுமை மாறா, தொட்டிக்கு நிறைதழை என்றால் ஒரே பொருளுக்கு இரண்டு சொல். தேர்வில் எதை எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டால் யார் பதில் சொல்வது? பெரும்பான்மை என்பதால் அச்சிடுங்கள், தடுக்கமாட்டேன். நான் பசுமை மாறா என்றேதான் எழுதுவேன். பயிர், பயறு பற்றிய மடல் ஞாயிற்றுக்கிழமை வரும்.

காட்பாடியிலிருந்து:

காடு வரும் இடங்களில் பாடநூல் சொல்லையே விட்டுவிட்டேன் ஐயா, செடிகளுக்கு மட்டும் நிறைதழை. அச்சுக்கான கோப்பினை இப்போதுதான் அனுப்பினேன். அடுத்த அத்தியாயத்தில் குளிரில் இலையெல்லாம் போய் வேர் மட்டும் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் மறுபடி முளைக்கிற செடிகள் வருகின்றன. அதற்கு என்ன சொல்லலாம்?