மேடையிலிருந்து ப்ரொஜெக்டர் வரை: நீளமாகக் கேபிள் இழுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்க

கோபிச்செட்டிபாளையம், ஆசிரியர்

எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் ப்ரொஜெக்டர் மாட்டும் பொறுப்பை இந்தக் கோடையில் எடுத்துக்கொண்டேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொழுதோட பாடம் காட்டலாம், விவசாயிகள் கூடினால் படம் போடலாம் என்று ஊரார் சேர்ந்து வாங்கியது. மேடை மேசையிலிருந்து நேராக அளந்தால் 8 மீட்டர்தான். ஆனால் ஒயர் நேராகப் போகாதே. சுவரோரம் போய், சுவரேறி, உத்தரத்தை ஒட்டி நடந்து, நடுக்கூடத்தில் இறங்கும்போது 19 மீட்டர் ஆகிவிட்டது. லேப்டாப் படத்தைக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. கேபிள் 20 மீட்டர் வாங்கி, சுவரைக் கொத்தி, பைப் புதைத்து, பூசி, வெள்ளையும் அடித்தாயிற்று.

முதல் நாளே படத்தின் இருட்டான இடங்களில் வெள்ளைப் புள்ளிகள் கடுகு பொரிகிற மாதிரி பொரிந்தன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை மொத்தமாக அணைந்து, இரண்டு விநாடி கழித்துத் திரும்ப வரும். ப்ரொஜெக்டரில்தான் கோளாறு என்று இறக்கி, 2 மீட்டர் கேபிளைப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. அப்புறம் நீளக் கேபிளையே மாட்டி, லேப்டாப்பில் படத்தின் நுணுக்கத்தை 1080பி-யிலிருந்து (1080 வரிப் படம்) 720பி-க்கு இறக்கினேன். அப்போதும் படம் சுத்தமாக நின்றது. விநாடிக்கு 60 படம் என்றால் 1080பி-க்கு 148.5 மெகாஹெர்ட்ஸ் வேகம் வேண்டும், 720பி-க்கு அதில் சரிபாதி, 74.25. என் கேபிள் பாதியைச் சுமக்கிறது, முழுசைச் சுமக்க முடியவில்லை.

720பி-யிலேயே ஓட்டலாம்தான். ஆனால் கணக்குப் பாடத்தில் அடுக்குக்குறி பின்வரிசைப் பிள்ளைக்கு மங்கலாகத் தெரிகிறது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் இத்தனை பேர் பணம் போட்டு வாங்கியதற்கு என்ன பொருள்? சுவரை மறுபடி கொத்தாமல் வழி இருந்தால் சொல்லுங்க.

பெருந்துறை, மண்டபங்களில் வீடியோ வேலை

ஐயா, எச்.டி.எம்.ஐ. விதிமுறையில் இத்தனை மீட்டர் வரை என்று நீளமே எழுதவில்லை. சிக்னல் கெடாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். சாதாரணச் செப்புக் கேபிளில் 1080பி 10 மீட்டர் வரை கவலையில்லாமல் போகும், தடித்த கேபிள் என்றால் 15 வரை பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் ஒவ்வொரு கேபிளும் ஒவ்வொரு மாதிரி. அதைவிட நுணுக்கமான 4கே படம், விநாடிக்கு 60 என்றால் 5 மீட்டர் தாண்டும்போதே யோசிக்க வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்தபோது எல்லாம் வி.ஜி.ஏ. என்ற பழைய வகைக் கேபிள்தான். 30 மீட்டர் இழுத்தால் எழுத்துக்கு வலப்பக்கம் ஒரு நிழல் விழும், ஓரங்கள் மங்கும், ஆனாலும் ஏதோ ஒரு படம் வந்துவிடும். எச்.டி.எம்.ஐ.க்கு அந்த இடைநிலை கிடையாது. கொஞ்ச தூரம் சுத்தமாக இருக்கும், அப்புறம் புள்ளி, அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஒரு கல்யாணத்தை மறக்க முடியாது. மாடியில் முகூர்த்தம், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் ஒறம்பரை (சொந்தபந்தம்) பந்தியில் உட்கார்ந்தபடியே பார்க்கத் திரை. நடுவில் 35 மீட்டர் வி.ஜி.ஏ. கல்யாணச் சடங்குகளை நடத்தும் அருமைக்காரர் வந்து சீர் தொடங்கினார், மங்கல வாழ்த்துப் பாட ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் சாம்பல் நிறப் பட்டைகள் கீழிருந்து மேலாக மெதுவாக ஏறுகின்றன. பெண்ணின் முகத்தின் மேல் ஒன்று போனதும் அடுத்தது வருகிறது. கேபிளை ஆட்டினேன், பின்னைத் திருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். பட்டை மொத்தமும் மறைந்தது.

காரணம் இதுதான். லேப்டாப்புக்குக் கரண்ட் மாடிப் போர்டில் இருந்து, ப்ரொஜெக்டருக்குக் கீழ்ப் போர்டில் இருந்து. இரண்டு எர்த்துக்கும் நடுவில் கொஞ்சம் வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் அது வீடியோ கேபிளின் ஷீல்டு (உள் கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) வழியாக ஓடிப் பட்டையாகத் தெரியும். தாலி கட்டி முடியும்வரை பேட்டரியில் ஓட்டினேன். அன்றிலிருந்து, வீடியோ கேபிளுக்கு எங்கே கரண்ட் ஒயர் குறுக்கிடாதோ அந்த வழியாகத் தனி எக்ஸ்டென்ஷன் இழுத்து, இரண்டு முனைக்கும் ஒரே போர்டில் இருந்து கொடுக்கிறேன். தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன்: பட்டை போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். ப்ரொஜெக்டர் தொங்குவது இரும்புச் சட்டத்தில், அதைத் தொடப்போவது ஏணியில் நிற்கும் ஒருவர்.

இப்போது நீளமென்றால் எஸ்.டி.ஐ.தான், டி.வி. ஸ்டுடியோக்காரர்கள் பயன்படுத்தும் வீடியோ முறை. டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் ஆர்.ஜி. 6 வகைக் கேபிளே போதும், அதன் மின்மறுப்பு 75 ஓம் சரியாக இருந்தால் 1080பி-யைத் தாராளமாக 60 மீட்டர் கொண்டுபோகிறேன். எச்.டி.எம்.ஐ.யை எஸ்.டி.ஐ.யாக மாற்ற ஒரு முனையிலும், திரும்ப மாற்ற இன்னொரு முனையிலும் பெட்டி வேண்டும். அந்தக் கேபிளில் இருக்கும் பி.என்.சி. என்ற வகை முனையைத் திருகிப் பூட்டிவிட்டால் யார் கால் பட்டாலும் கழன்று வராது, மண்டபத்தில் அது பெரிய நிம்மதி. காப்புரிமைப் பூட்டுப் போட்ட படங்கள் மட்டும் இந்த வழியில் போகாது.

திருப்பூர், பனியன் கம்பெனி அலுவலகம்

எங்கள் மீட்டிங் அறைக்கு, எச்.டி.எம்.ஐ. படத்தை ஒரு முனையில் அனுப்பி மறுமுனையில் வாங்கும் எச்.டி.பேஸ்-டி பெட்டி ஜோடி போட்டோம். 2010-ல் வந்த முறை, கேட் 6 என்ற நெட்வொர்க் ஒயரிலேயே 1080பி-யை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். எங்களுக்குத் தேவை 40 மீட்டர்தான். ஆனாலும் படம் விட்டுவிட்டு வந்தது. பெட்டியை இரண்டு முறை மாற்றிக் கொடுத்தார்கள், பலனில்லை. எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் மீந்த ஒயரை எடுத்து, ஒரு கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செப்புப் பூச்சு! முழுச் செப்பு ஒயரை மாற்றி இழுத்த அன்றிலிருந்து ஒரு நாளும் படம் நிற்கவில்லை. ஒயர் வாங்கும் கடையிலேயே சுரண்டிப் பார்த்துவிடுங்க. நடுவில் ஜாயின்ட் வேண்டாம், நெட்வொர்க் சுவிட்சில் குத்த வேண்டாம், பெட்டிக்குப் பெட்டி ஒரே ஒயர்.

பொள்ளாச்சிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர்

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தோப்புக் களத்தில் வேட்டித் துணித் திரை கட்டி, சாளை (தோட்டத்துக் குடிசை) திண்ணையில் லேப்டாப் வைத்து, நடுவில் 30 மீட்டர் ஆப்டிகல் எச்.டி.எம்.ஐ. கேபிள் விட்டோம். நூல் மாதிரி ஒல்லி, கையில் எடையே தெரியாது. மாட்டினால் படமே இல்லை. சுற்றிலும் ஐம்பது பேர். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு முனையில் சோர்ஸ், இன்னொரு முனையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கிறது. உள்ளே ஒளி ஒரு பக்கம்தான் போகும், நாங்கள் தலைகீழாக இழுத்திருந்தோம். மாற்றிப் போட்டதும் வந்தது. கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன், முதல் பந்திலேயே சூர்யகுமார் எல்லைக் கோட்டில் அந்தக் கேட்சைப் பிடித்தபோது எங்கள் தோப்பே எழுந்து நின்றது.

அடுத்த நோம்பிக்கு (திருவிழாவுக்கு) அதே கேபிளைப் பழைய லேப்டாப்பில் மாட்டியபோது மறுபடி படமில்லை. அந்தக் கேபிள் முனைக்குள் இருக்கும் சில்லுக்கு லேப்டாப்தான் 5 வோல்ட் கொடுக்க வேண்டும், பழையது கொடுத்தது போதவில்லை. இன்னொன்று, இதைச் சுருட்டும்போது முழங்கையில் இறுக்கிச் சுற்றக் கூடாது. பெரிய வளையமாக விட வேண்டும், உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

கோயம்புத்தூர், கல்லூரி விரிவுரையாளர்

எங்கள் அரங்கில் கணினியை ப்ரொஜெக்டருக்குப் பக்கத்திலேயே அலமாரி அடித்து வைத்துவிட்டோம். 3 மீட்டர் கேபிள் போதும். பக்கம் திருப்புவதற்கு மேடையில் வயர்லெஸ் ரிமோட் இருக்கிறது. பேசுபவர் தன் லேப்டாப்பையே மாட்ட வேண்டும் என்று கேட்காதவரை இதைவிட எளிய வழி இல்லைங்க.

கோபிச்செட்டிபாளையம், ஆசிரியர்

எல்லாருக்கும் நன்றிங்க. எங்கள் கூடத்தில் வருகிறவர்கள் அவரவர் லேப்டாப்பைக் கொண்டு வருவார்கள், அதனால் மேடையில் முனை இருந்தே ஆக வேண்டும். திருப்பூர் அண்ணன் சொன்ன வழியையே எடுத்துக்கொண்டேன். கடையில் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளேயும் செம்பு.

சுவரைக் கொத்தவில்லை. பழைய எச்.டி.எம்.ஐ. கேபிளின் ஒரு தலையை வெட்டி, அந்த முனையில் இரண்டு கேட் 6 ஒயரையும் ஒரு நைலான் கயிற்றையும் சேர்த்து, டேப்பை ஒல்லியாக இறுக்கிச் சுற்றினேன். மேடைப் பக்கம் என் மாணவன் ஒருவன் ஒயரைத் தள்ள, நான் ஏணியில் நின்று பழைய கேபிளை இழுத்தேன். உத்தரத்துக்குக் கீழே இருக்கும் எல்போவில் (பைப் வளைவில்) முடிச்சு சிக்கிக்கொண்டது. வெளியே எடுத்து, டேப் மேல் முகப்பவுடரை நன்றாகத் தடவி, மறுபடி அனுப்பினோம். வளைவைத் தாண்டும்போது கையில் ஒரு சின்ன துள்ளல் தெரிந்தது, அதற்கு மேல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு ஒயர் வேலைக்கு, இன்னொன்று கைக்காவலுக்கு. கயிறு பைப்புக்குள்ளேயே கிடக்கிறது, நாளைக்கு வேறு எதையாவது இழுக்க வேண்டுமென்றால் உதவும்.

பெட்டிகளை மாட்டி 1080பி-யில் மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டேன். ஒரு முறைகூட அணையவில்லை. நேற்றுப் பொழுதோட இருபடிச் சமன்பாடு நடத்தினேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளையை எழுப்பித் திரையில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன். "எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஐந்து எக்ஸ் பிளஸ் ஆறுங்க சார்" என்றாள்.