பரங்கிமலை ஓடிஏ-வில் (ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமி) சேர 2 மாசம் இருக்கு: ஓட்டம், கயிறு, ஹிந்தி, எதிலிருந்து ஆரம்பிக்கறது?

கோவை_ரன்னர்:
சிடிஎஸ் (ராணுவ அதிகாரி தேர்வு) வழியா ஷார்ட் சர்வீஸ், அதாவது குறுகிய காலப் பணிக்கான மெரிட் லிஸ்ட்ல பேர் வந்தாச்சு. இப்போ 2.4 கி.மீ. ஓட 12 நிமிஷம் ஆகுது. கயிறு ஏறத் தெரியாது, ஹிந்தி சுத்தமா வராது. தினமும் 10 கி.மீ. ஓடினா ஓட்டம் சரியாயிடுமா? 49 வார ட்ரெய்னிங்ல ஆளுங்க உண்மையில எங்கே சறுக்கறாங்க?

ஆறு_ரவுண்டு:
தினம் 10 கி.மீ. வேண்டவே வேண்டாம். அப்படி ஓடினா காலை ஒடிச்சுக்கிட்டுத்தான் போய்ச் சேருவீங்க. சமீபத்திய அறிவிப்புகள்ல ஆண்களுக்குக் கேக்கறது 10 நிமிஷம் 30 விநாடி. அதாவது 400 மீட்டர் டிராக்குல ஆறு ரவுண்டு, ஒவ்வொண்ணும் 1:45. நீங்க இப்போ ரவுண்டுக்கு 2 நிமிஷம் எடுக்கறீங்க. குறைக்க வேண்டியது ரவுண்டுக்கு 15 விநாடிதான். அதுக்கு வேகம் பழகணும், தூரம் இல்ல.

வாரம் ஒரு நாள் 400 மீட்டரை 1:45-ல ஆறு தடவை, நடுவுல 90 விநாடி நடை. ஆறாவதும் அதே நேரத்துல முடிஞ்சா மட்டும் அடுத்த வாரம் ஓய்வை 15 விநாடி குறைங்க. இன்னொரு நாள் பேசிக்கிட்டே ஓடற வேகத்துல 6 கி.மீ. மூணாவது நாள் மிதமான 4 கி.மீ. அவ்வளவுதான். முதல் ரவுண்டையே 1:30-ல பாய்ஞ்சு ஓடறவங்க நாலாவதுல படுத்துடுவாங்க, அது எப்பவும் நடக்கறது.

மத்த நாள்ல புஷ்-அப் 40, புல்-அப் 6, சிட்-அப் 30. புல்-அப் தான் ஏற ரொம்ப நாள் எடுக்கும், அதை முதல் நாளே தொடங்குங்க. ஒண்ணு கூட வராதவங்க பாருக்கு மேல தாடை இருக்கற மாதிரி எகிறிப் பிடிச்சு, 5 விநாடி எண்ணி மெதுவா இறங்கணும்.

மீனா_சிடிஎஸ்:
நடுவுல கேக்கறேன், மன்னிக்கணும். பெண்களுக்கு எவ்வளவு?

ஆறு_ரவுண்டு:
2.4 கி.மீ.-க்கு 13 நிமிஷம், புஷ்-அப் 15, புல்-அப் 2, சிட்-அப் 25. புல்-அப் ரெண்டுதானேன்னு விட்டுடாதீங்கம்மா, பெரும்பாலும் இடிக்கறது அங்கதான். நீச்சல் அடிப்படை ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

பூட்_லேஸ்:
சறுக்கற இடம் முழங்காலுக்குக் கீழதான் தம்பி. ஸ்டாமினா இல்லாம திரும்பி வந்தவங்களைவிட முன்னங்கால் எலும்புல அடி வாங்கி உட்கார்ந்தவங்க ஜாஸ்தி. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். எலும்போட உள்ஓரமா நாலு விரல் நீளத்துக்குப் பரவலா வலிச்சு, ஓட ஓடக் கொஞ்சம் குறைஞ்சா அது ஷின் ஸ்ப்ளின்ட். ஓட்டத்தைக் குறைச்சு ஐஸ் வெச்சா ஆறும். ஒரே புள்ளியில விரல் வெச்சா துள்ளுற வலி, ஓட ஓடக் கூடுது, ராத்திரி படுத்தாலும் வலிக்குதுன்னா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சரா, அதாவது எலும்புல மெல்லிசு கோடு மாதிரி விரிசலா இருக்கலாம். முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியாது. அதை நம்பி ஓடினா கோடு முறிவாயிடும், எம்ஆர்ஐ கேட்டுப் பாருங்க. ட்ரெய்னிங்ல நாள் ரொம்பப் போயிட்டா ரெலிகேஷன், அடுத்த கோர்ஸோட சேர்ந்து முடிக்கணும்.

அதனால சிமெண்ட் ரோட்டை விட்டுட்டு மண் தரையில ஓடுங்க. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல தூரம் ஏத்தாதீங்க. புது பூட்டை வீட்டுலயே தினம் ஒரு மணி நேரம் போட்டு நடங்க. உள்ள மெல்லிசு நைலான் சாக்ஸ், மேல கம்பளி. உரசல் ரெண்டு சாக்ஸுக்கு நடுவுல போயிடும், தோலுக்கு வராது. கொப்புளம் சின்னதுன்னா தொடாதீங்க. பெருசுன்னா சுத்தம் பண்ணின ஊசியால ஓரத்துல குத்தி நீரை மட்டும் எடுத்துட்டு, மேல்தோலை உரிக்காம டேப் ஒட்டுங்க. உரிச்சவங்க மறுநாள் நொண்டுவாங்க.

ஏப்ரல்ல தொடங்கற கோர்ஸ்னா சென்னை வெயில் தனிக்கதை. வேர்த்துக் கொட்டும்போது வெறும் தண்ணியை லிட்டர் கணக்குல குடிக்கறதும் ஆபத்துதான், உப்பு கரைஞ்சு போயிடும். ஒரு பாக்கெட் ஓஆர்எஸ், ஒரு லிட்டர் தண்ணி. பாதி பாக்கெட்டை டம்ளர்ல கலக்கற வேலை வேண்டாம்.

தேஸ்_சல்:
ஹிந்திக்குப் பயப்படாதீங்க. வகுப்பு ஆங்கிலத்துல. பிடி (உடற்பயிற்சி), ட்ரில் (அணிநடை) உஸ்தாத்கள், அதாவது பயிற்சி கொடுக்கறவங்க பேசறதுதான் ஹிந்தி, அதுக்கும் சொற்கள் கொஞ்சம்தான்: சாவ்தான் (விறைப்பா நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலது திரும்பு), பாயே முட் (இடது திரும்பு), பீச்சே முட் (பின்னால திரும்பு), தேஸ் சல் (வேகமா நட), தம் (நில்). என்சிசி-ல இருந்தவங்களுக்கு இது பழைய பாடம். முன்பாதியை இழுப்பாங்க, கடைசிச் சொல்லை வெட்டுவாங்க. வெட்டுன பிறகுதான் அசையணும்.

பீச்சே முட்னா எப்பவும் வலது பக்கமா 180 டிகிரி. வலது குதிகால், இடது முன்பாதம் ரெண்டுலயும் திரும்பணும். தேஸ் சல் நிமிஷத்துக்கு 120 அடி, அடி ஒண்ணு 30 அங்குலம். புதுசா வர்றவங்களுக்கு வலது கையும் வலது காலும் ஒண்ணா வீசற நோய் வரும். முழங்கையை மடக்கக் கூடாதுன்னே நினைச்சு விறைக்கறதால வர்றது. இருபது அடி சாதாரணமா நடந்து, கை தானா வீச ஆரம்பிச்சதும் முழங்கையை நீட்டுங்க, போயிடும்.

இதெல்லாம் கடைசியில அரங்கேறுற பரமேஸ்வரன் ட்ரில் ஸ்கொயர், 1972-ல இங்கிருந்தே கமிஷன் வாங்கி 1987 நவம்பர் 25 இலங்கையில உயிர்விட்ட பரம்வீர் சக்ரா மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பேர்ல இருக்கு. பயிற்சி முடிஞ்சு நடக்கற பாஸிங் அவுட் அணிவகுப்புக்கு வீட்டுக்காரங்க உட்காருறதும் அங்கதான்.

கயிறு: கையால மட்டும் ஏறினா பாதியிலேயே முன்கை செத்துப் போயிடும். கயிறு வலது காலோட வெளிப்பக்கமா இறங்கி, வலது பாதத்துக்கு அடியில போகணும். இடது பாதம் அதைத் தூக்கி வலது பாதத்து மேல வெச்சு மிதிக்கணும். பூட்டு விழுந்ததும் எழுந்து நிக்கற மாதிரி கால் நீட்டுங்க, கை மேல போகும். பூட்டை விட்டு முழங்காலை மார்புக்கு இழுங்க, மறுபடி பூட்டு. இறங்கும்போது கைக்குக் கீழ கை. வழுக்கிட்டு வந்தா உள்ளங்கைத் தோல் கயிறோட போயிடும். பிபிஇடி-ல (ராணுவத்தோட போர் உடல்திறன் தேர்வு) இதையே ரைஃபிளும் சாமானும் சுமந்து பண்ணணும், அதனால பூட்டு இப்பவே பழகட்டும்.

கோவை_ரன்னர்:
பெரிய உதவி அண்ணா. நைட் நேவிகேஷன்ல (ராத்திரி மேப், காம்பஸ் வெச்சு வழி கண்டுபிடிக்கறது) நிறைய பேர் தொலைஞ்சு போறாங்களாமே? அதுக்கு வீட்டுல இருந்து ஏதாவது பண்ண முடியுமா?

தேஸ்_சல்:
முடியும். முதல்ல உங்க அடிக்கணக்கு. 100 மீட்டர் அளந்து, இடது கால் தரை தொடறதை மட்டும் எண்ணுங்க. அதையே ராத்திரி, முதுகுல பை மாட்டி, கரடுமுரடான இடத்துல எண்ணுங்க. இருட்டுல அடி குறுகும், எண்ணிக்கை கூடும். பகல் கணக்கை வெச்சு ராத்திரி நடந்தா இலக்குக்கு முன்னாடியே நின்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

ரெண்டாவது, காம்பஸ். ரைஃபிளை காம்பஸ் பிடிச்ச கையோரமா வெச்சுக்கிட்டு பேரிங் (போற திசையோட டிகிரி) எடுத்தா முள் இரும்பு பக்கம் இழுக்கும். 5 டிகிரி தப்புனா 2 கி.மீ. போறதுக்குள்ள 175 மீட்டர் விலகியிருப்பீங்க. ரோட்டு மேல இருக்கற ஒரு மதகுக்குப் போகணும்னா நேரா மதகையே குறி வைக்காதீங்க, வேணும்னே சில டிகிரி இடது பக்கம் தள்ளி வையுங்க. ரோட்டைத் தொட்டதும் வலது பக்கம் திரும்பணும்னு சந்தேகமே இல்லாம தெரியும். நேரா குறி வெச்சவன் ரோட்டுல நின்னு இடமா வலமான்னு முழிப்பான்.

1:50,000 மேப்ல 2 செ.மீ. ஒரு கி.மீ. இடத்தைக் குறிக்கற ஆறு இலக்க கிரிட் எண்ல முதல் மூணு கிழக்கு, அடுத்த மூணு வடக்கு. மாத்திப் படிச்சா வேற ஊருக்கே போயிடுவீங்க.

பூட்_லேஸ்:
நீச்சலை எப்படிப் பழகறதுன்னு யாரும் சொல்லல. நாளைக்கே குளத்துல சேருங்க. முதல் வாரம் கை கால் எதுவும் வேண்டாம், மார்பளவு தண்ணியில விளிம்பைப் பிடிச்சு முகத்தை முக்கி மூச்சை முழுசா தண்ணிக்குள்ளேயே வெளிய விடப் பழகுங்க. மூச்சை அடக்கிக்கிட்டு அடிக்கறவங்கதான் பத்து மீட்டர்ல திணறி எழுந்து நிக்கறாங்க.