மேட்டுப்பாளையம்–ஊட்டி 2,400 மீட்டர் ஏற்றமா? கணக்கு எங்கே?

கல்லாறு வாசி:
நேற்று ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறிவிட்டு, "2,400 மீட்டர் ஏற்றம்" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைத்திருக்கிறார். பார்த்ததும் எரிச்சல் வந்தது. மலை ரயில் 326 மீட்டரிலிருந்து 2,203 மீட்டருக்கு ஏறுகிறது என்று யுனெஸ்கோ பட்டியலிலேயே இருக்கிறது. வித்தியாசம் 1,877. மீதி 523 மீட்டர் எங்கிருந்து முளைத்தது?

நீலமலைச் சக்கரம்:
அந்தப் பதிவு என்னுடையது. பயணத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி காட்டியதை எழுதினேன், என் கையிலிருந்து ஒரு மீட்டரும் சேர்க்கவில்லை. ரயில் பாதை வேறு, சாலை வேறு. நடுவில் இறங்கி மறுபடி ஏறுவதும் ஏற்றம்தான். ரயில் அட்டவணையை வைத்துக்கொண்டு சைக்கிளை அளக்க வேண்டாம்.

கல்லாறு வாசி:
கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை இறக்கம் என்று சொல்ல ஏதாவது இருக்கிறதா? குன்னூருக்கு மேலே அங்கங்கே இறங்குகிறோம், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 523 மீட்டரா?

நீங்கள் பதிவு செய்தது கைபேசியில். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் அழுத்தமானி உள்ள கருவியின் பதிவு இல்லையென்றால், செயலி உயரத்தைத் தன்னுடைய வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட உயர வரைபடங்கள் பலவற்றில் ஒரு கட்டம் முப்பது மீட்டர் அகலம். மலையைக் குடைந்து போட்ட சாலையில் ஜி.பி.எஸ். பத்து மீட்டர் பக்கவாட்டில் விலகினால் போதும், மேலே இருக்கும் சரிவின் உயரமோ கீழே இருக்கும் வளைவின் உயரமோ பதிவாகிவிடும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் ஏறாத மேட்டை ஏறியதாகக் கூட்டிக்கொண்டே போகும். 523 மீட்டர் அப்படித்தான் வந்தது.

சங்கிலி எண்ணெய்:
அழுத்தமானி மட்டும் அரிச்சந்திரனா? நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணிவாக்கில் உச்சத்திலும் மாலை நான்கு மணிவாக்கில் அடியிலும் இருக்கும். மூன்று மில்லிபார் குறைந்தாலே, டீக்கடையில் நிறுத்தி வைத்த சைக்கிள் இருபத்தைந்து மீட்டர் ஏறியதாகக் கருவி சொல்லும். மழைநீர் அதன் துளையை அடைத்தால் அன்றைய கணக்கே போயிற்று.

கல்லாறு வாசி:
இருபத்தைந்தும் 523-உம் ஒன்றா ஐயா?

புதிய மிதியடி:
அண்ணா, "ஏற்றம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? அடிக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசமா, வழியில் ஏறிய எல்லாவற்றின் கூட்டலா? அதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

நீலமலைச் சக்கரம்:
கல்லாறு வாசிக்கு ஒரு கேள்வி. அழுத்தமானி இருந்தால் தொடர்ந்து இரண்டு மீட்டர் ஏறினாலே ஸ்ட்ராவா கணக்கில் சேர்க்கும். இல்லாவிட்டால் பத்து மீட்டர் ஏறினால்தான் சேர்க்கும். அப்படியென்றால் என் கைபேசிக் கணக்கு குறையத்தானே வேண்டும்? அதிகமாகிவிட்டது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? வரைபடப் பாடம் நடத்தியவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கல்லாறு வாசி:
சொல்கிறேன். பத்து மீட்டர் வடிகட்டி சின்னச் சின்னத் தடுமாற்றத்தைத்தான் நிறுத்தும். பர்லியாறுக்கு மேலே உள்ள சரிவில் பக்கவாட்டில் கொஞ்சம் விலகினாலே பதினைந்து, இருபது மீட்டர் பிழை வரும். அது வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். 523 மீட்டருக்குக் கணக்குக் கொடுங்கள்.

ஏழுபது வளைவு:
இவ்வளவு சண்டையும் ஊட்டிச் சாலைக்கா? கொல்லிமலைக்கு வாருங்கள், எழுபது கொண்டை ஊசி வளைவு. அங்கே ஏறியவன் மீட்டரைப் பற்றிப் பேசமாட்டான்.

சங்கிலி எண்ணெய்:
வளைவை எண்ணுவதா ஏற்றம்? நீளத்தை மீட்டரில் வைத்துச் சரிவு விழுக்காட்டால் பெருக்கி, எண்பதாயிரத்தைத் தாண்டினால் ஸ்ட்ராவாவில் அது உச்சவகை ஏற்றம், அதாவது மிகக் கடினமான வகை. கல்லாறு–குன்னூர் சுலபமாகத் தாண்டும். உங்கள் பெயரில் முதலில் "எழுபது" என்று சரியாக எழுதுங்கள்.

ஏழுபது வளைவு:
எழுத்துப்பிழை பிடிக்கிறவர் வந்துவிட்டார். சமவெளியில் சுற்றும் உமக்கு மலையைப் பற்றி என்ன பேச்சு?

நீலமலைச் சக்கரம்:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கல்லாறு–குன்னூர் பகுதியில் இவருடைய நேரத்தை நான் முறியடித்ததிலிருந்து என் பதிவு ஒவ்வொன்றிலும் குற்றம் தேடுகிறார். போன மழைக்காலத்தில் குழுவோடு போனபோது, பாதி வழியில் வேனில் ஏறிக்கொண்டு கருவியை அணைக்காமல் வந்தவர் யார் என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

கல்லாறு வாசி:
சங்கிலி அறுந்து வேனில் ஏறினேன். அந்தப் பதிவை அன்றைக்கே நீக்கினேன். நேர்மையைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். உங்கள் தலைப்பை நம்பி, 2,400 மீட்டர் ஏறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு புதுப் பையன் இதைவிடப் பெரிய மலைக்குப் போய் நடுவழியில் துவண்டால் யார் பொறுப்பு? எண்ணைத் திருத்துங்கள்.

நீலமலைச் சக்கரம்:
திருத்தமாட்டேன். செயலி தந்த எண் அது.

புதிய மிதியடி:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

சங்கிலி எண்ணெய்:
பதிவை நீக்கியது அன்றைக்கா, நாங்கள் சொன்ன பிறகா?

கல்லாறு வாசி:
வேன் பேச்சை எடுத்தால் கணக்கு மறைந்துவிடாது. 326-லிருந்து 2,203. மீதி 523 மீட்டரை எந்த இடத்தில் ஏறினீர்கள்? ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள்.