ரத்தம் கேட்டு மைக் பிடித்த அனுபவம் யாருக்கு உண்டு? மும்பைக்காரர்கள் எழுதுங்கள்

90 அடி ரோடு:

சரி, நானே தொடங்குகிறேன். தாராவியில் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மறுநாள் பக்கத்து ஹாலில் ரத்ததான முகாம். பரிசளிப்புக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் நடுவில் முகாமைப் பற்றிப் பேசச் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் பேசியவர் கர்ணன், சிபி, பாரி என்று வள்ளல்களை வரிசையாக இறக்கினார். நல்ல கைதட்டல். பெயர் கொடுக்க மட்டும் ஒருத்தரும் எழுந்து வரவில்லை. கர்ணன் கதை கேட்டுக் கண் கலங்குகிற ஜனம்தான் நாம்; ஊசி என்றால் அது வேறு கணக்கு.

நான் மைக்கை வாங்கி, "யாருக்கு என்ன பயம், கேளுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சிரிப்பு. அப்புறம் சைக்கிளில் இட்லி விற்கும் அண்ணாச்சி ஒருவர் பின்வரிசையிலிருந்து குரல் கொடுத்தார்: "தம்பி, நாளைக்கு ரத்தம் குடுத்தா, மறுநா வெள்ளென மூணு மணிக்கு எந்திச்சு மாவு அண்டாவத் தூக்க முடியுமா? அதச் சொல்லு."

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அன்றாடம் உழைத்தால்தான் காசு. எடுப்பது 350 மில்லி, உடம்பில் ஓடுவது சுமார் ஐந்து லிட்டர். நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும், சிவப்பணு பழைய அளவுக்கு வரச் சில வாரம் ஆகும் என்று சொன்னேன். "குடுத்த அன்னைக்கு அந்தக் கையால பாரம் தூக்காதீங்க. மறுநாளும் அண்டாவுக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கோங்க" என்றும் சேர்த்துச் சொன்னேன். "ஒண்ணுமே ஆகாது" என்று மழுப்பியிருந்தால் அவர் நம்பியிருக்கவே மாட்டார். "மச்சினனத் தூக்கச் சொல்லுதேன், எம்பேர எழுது" என்றார். அவருக்குப் பின்னால்தான் பட்டியல் நகர்ந்தது.

கொடை சமயத்தில் முகாம் வைப்பவர்களுக்கு ஒன்று: பலர் விரதத்தில் இருப்பார்கள். வெறும் வயிற்றோடு வந்தால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வருகிறவர்களையும் அப்படித்தான். "சாப்பிட்டு, தூங்கி எழுந்து வாங்க" என்பதைப் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மாட்டுங்கா பாட்டி:

தம்பி சொல்வது அவர் கூட்டத்துக்குச் சரி. நான் பேசியது மாட்டுங்காவில், ஒரு கச்சேரி இடைவேளையில். எதிரே இருந்தவர்களில் பாதிக்கு மேல் 65 தாண்டியவர்கள், நானும்தான். விதிப்படி எங்களிடம் ரத்தமே எடுக்க முடியாது. ஏற்பாடு செய்தவர்களுக்கு இது தோன்றவே இல்லை!

அதனால் ரத்தம் கேட்காமல், வீட்டுப் பிள்ளைகளின் போன் நம்பரைக் கேட்டேன். பரேலில் 1941 முதல் இருக்கும் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நாடெங்கிலுமிருந்து வருகிறார்கள். தமிழ் மட்டுமே தெரிந்தவர்களும் அதில் உண்டு. கீமோ நடக்கும்போது, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் மளமளவென்று இறங்கும். கொடையாக வந்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதுவும் விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று ஊரே திரண்டு கொடுத்தாலும் 21ஆம் தேதி வரும் நோயாளிக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. "உங்க பேரன் கூப்பிட்ட நாள்ல வருவானா? அவ்வளவுதான் கேக்கறேன்" என்றேன்.

ஆனால் ஒன்று, வெறும் கணக்கு மட்டும் சொன்னால் எங்கள் சபாவில் எல்லாரும் காபிக்கு எழுந்து போய்விடுவார்கள். மனதைத் தொடவும் வேண்டும். ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு அம்மா, மகனுடைய ரிப்போர்ட் கவர் மழையில் நனையாமல் முந்தானைக்குள் செருகிக்கொண்டு, என் நெற்றியைப் பார்த்துத் தமிழ் என்று கண்டுபிடித்து, "பிளட் பேங்க் எந்தப் பக்கம்மா?" என்று கேட்டதைச் சொன்னேன். அவர் பெயரோ ஊரோ சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஒரு மாமா பேனா கிடைக்காமல், மருமகள் பையிலிருந்த கண்மைப் பென்சிலால் நிகழ்ச்சி நோட்டீஸின் பின்பக்கத்தில் நம்பர் எழுதிக் கொடுத்தார். பேரனைக் கேட்காமலேயே!

செம்பூர் காலனி:

பாட்டிக்கு ஒரு சலாம். எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் பேசியபோது ஒரு பையன், "நான் ஓ பாசிட்டிவ். எல்லார்கிட்டயும் இருக்குமே, என்னோடது எதுக்கு?" என்றான். நிறையப் பேருக்கு இருப்பதால்தான் நோயாளிகளிலும் அந்த குரூப் அதிகம் என்றேன். அப்புறம் பாம்பே குரூப் என்கிற அபூர்வ ரத்த வகையின் கதையை எடுத்துவிட்டேன். 1952இல் இதே ஊரில் டாக்டர் பெண்டேயும் உடனிருந்தவர்களும் கண்டறிந்து எழுதியது. வழக்கமான சோதனையில் ஓ என்றே காட்டும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம்கூடச் சேராது. "எனக்கும் அதுவா இருக்குமோ?" என்ற ஆர்வத்தில் சிலர் வந்தார்கள். எதற்கு வந்தால் என்ன, பை நிறைந்ததே.

சயான் கோலிவாடா:

பரிசு விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஒரு முகாமில், "ரத்தம் கொடுப்பவர்களுக்கு டிராலி பேக்" என்று என்னை மேடையில் அறிவிக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். காசுக்கு ரத்தம் வாங்குவது 1998 ஜனவரியிலிருந்து தடை. பேக் காசு இல்லைதான். ஆனால் பேக்குக்காக வருகிறவன் காமாலை வந்ததை மறைப்பான், போன மாதம் கொடுத்ததையும் மறைப்பான். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். ஏற்பாட்டாளருக்குக் கோபம், மைக் கைமாறியது. கூட்டம் பெரிதாகத்தான் வந்தது, அதை மறுக்கவில்லை.

90 அடி ரோடு:

அண்ணே, அப்போ பிஸ்கெட், ஜூஸ்?

சயான் கோலிவாடா:

அது தலைசுற்றாமல் இருக்க. தாராளமாக அறிவியுங்கள்.

மாட்டுங்கா பாட்டி:

மே மாதம் லீவு விட்டால் என் பட்டியலில் உள்ள பேரன்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். அப்போது மும்பையிலேயே இருப்பவர்கள், அதுவும் பரேல், தாதர் பக்கம் வேலை பார்ப்பவர்கள், இங்கேயே சொல்லுங்கள்.