கரையான் தின்ற வால்வு ரேடியோவுக்குப் புதுப் பெட்டி: தேக்கா, ப்ளைவுட்டா?

மாடிப்படி (தேவகோட்டை):

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கிடந்த பிலிப்ஸ் வால்வு ரேடியோவைப் போன மாதம் வெளியே எடுத்தோம். தூக்கியதும் கைக்கு வெறும் தோல்தான் வந்தது. பாலிஷ் பளபளவென்று அப்படியே இருக்கிறது, உள்ளே கரையான் மரத்தைத் தின்றுவிட்டு மண்ணை அடைத்து வைத்திருக்கிறது. இடது பக்கமும் அடிப்பலகையும் போயே போச்சு, முன்பக்கம் பாதி, வலது பக்கம் மட்டும் முழுசு. உள்பாகங்களைத் தாங்கும் சேசிஸ் தகரம் என்பதால் தப்பித்தது, லேசான துருதான். டயல் கண்ணாடி உடையவில்லை, 25, 31, 41 மீட்டர் எழுத்தெல்லாம் தெரிகிறது. நான்கு குமிழ்களும் இருக்கின்றன. வால்வுகள் யுசிஎச்81, யுபிஎஃப்89, யுசிஎல்82, யுஒய்85. மாடல் நம்பர் இருந்த பின்பக்க அட்டை கரையானுக்கே போய்விட்டது.

பழையது மாதிரியே ஒரு பெட்டி செய்து இதை அதில் உட்கார வைக்க ஆசை. அகலம் 52 செ.மீ., உயரம் 34, ஆழம் 23. முன்பக்க மூலைகள் இரண்டும் வளைவாக இருக்கும், அங்கேதான் சிக்கல். எங்கள் தெரு ஆசாரி, "வீட்டில் பழைய தேக்கு உத்திரம் கிடக்கிறதே, முக்கால் இஞ்சுப் பலகையாக அறுத்துச் செய்துவிடலாம், உங்கள் பேரன் காலத்துக்கும் நிற்கும், ஆனால் மூலை சதுரமாகத்தான் வரும்" என்கிறார். ப்ளைவுட் என்று சொன்னாலே முகம் சுளிக்கிறார். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ரேடியோ பாடுகிறதா என்று இன்னும் பார்க்கவில்லை, நாளைக்கு ப்ளக்கை மாட்டிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சீரிஸ் பல்பு (சென்னை):

ப்ளக்கை மாட்டாதீர்கள் சார். பெட்டி விஷயம் அப்புறம்.

யு என்று தொடங்கும் வால்வுகள், உள்ளே சூடேற்றும் கம்பியான ஹீட்டரை வரிசையாகக் கோத்து 100 மில்லி ஆம்பியரில் ஓடுபவை. டிசி கரண்டு இருந்த ஊரிலும் பாட வேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செய்த செட். மெயின்ஸின் இரண்டு ஒயரில் ஒன்று நேராக சேசிஸ் தகரத்துக்குப் போகும். பழைய இரட்டை முள் ப்ளக்கைத் திருப்பி மாட்டினால் தகரம் முழுக்க 230 வோல்ட். இந்த மாதிரி செட்டில் மரப்பெட்டிதான் இன்சுலேஷன். அதனால்தான் குமிழின் பக்கவாட்டில் இருக்கும் குட்டி ஸ்குரூவின் குழியை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். உங்கள் குமிழ்களில் மெழுகு உதிர்ந்திருந்தால் திரும்ப அடையுங்கள். புதுப் பெட்டியின் அடியில் சேசிஸைப் பிடிக்கும் நான்கு போல்ட் தலைகளும் வெளியே துருத்தக் கூடாது, குழிக்குள் இறக்கி மேலே மூடி வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதை இரண்டு தடவை படியுங்கள்.

இன்னொன்று சூடு. உங்கள் நான்கு வால்வின் ஹீட்டர் வோல்டேஜைக் கூட்டுங்கள்: 19, 19, 50, 38, ஆக 126. மீதி 104 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் தின்ன வேண்டும், அதாவது 10 வாட்டுக்கு மேல் அந்த ஒரு ரெசிஸ்டரே கக்கும், வால்வுகளின் சூடு தனி. அது பெட்டியில் எந்த மூலைக்கு வருகிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு புதுப் பெட்டியில் பின்பக்கம் அழகாகப் பலகை அடித்து அடைத்திருந்தார்கள், மூன்றே மாதத்தில் மேலே ஒட்டிய வெனீர் (மெல்லிய மரத்தோல்) அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. அடியிலும் பின்னாலும் காற்று போக வழி வேண்டும்.

பேப்பர் கண்டன்சர், எலக்ட்ரோலிடிக் எல்லாம் மாற்றிய பிறகு, மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, கரண்டு எகிறாமல் இருக்க சீரிஸில் 60 வாட் குண்டு பல்பு போட்டு ஏற்றுங்கள். அதுவரை ப்ளக் பக்கம் போகாதீர்கள்.

இழைப்புளி (கும்பகோணம்):

தம்பி, முதல் வேலை, அந்தக் கரையான் தின்ற கூட்டைக் குப்பையில் போடாதே. அதுதான் உன் வரைபடம். வலது பக்கம் முழுசாக இருக்கிறது என்கிறாயே, அதைத் திருப்பிப் போட்டால் இடது பக்கம். முன்பக்கத்தில் பாதி இருந்தால் போதும், ஒரு அட்டையை மேலே வைத்து ஓட்டைகளின் மையத்தை ஊசியால் குத்தி எடு. மீதிப் பாதிக்கு சேசிஸையே அளவாக வைத்துக்கொள், குமிழ்த் தண்டுகள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் ஓட்டை. டேப் வைத்து அளந்து குறித்தால் ஒரு நூல் தள்ளிப்போய் குமிழ் பலகையில் உரசும்.

தேக்குப் பலகை வேண்டாம். ஆசாரி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், வீட்டுக் கதவுக்கு அது சரி. சேசிஸ் முகத்திலிருந்து தண்டு எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளந்து பார். பழைய முன்பலகை 8, 9 மி.மீ.தான் இருக்கும். அந்த இடத்தில் முக்கால் இஞ்ச், அதாவது 19 மி.மீ. பலகை வைத்தால் தண்டு பலகைக்குள்ளேயே நின்றுவிடும், குமிழ் எதைப் பிடிக்கும்? டயல் கண்ணாடியும் கிணற்றுக்குள் இருப்பது மாதிரி உள்ளே போய்விடும். அதோடு முழுப் பலகை மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், உள்ளே வால்வு சூடு வேறு. ஒரு பக்கம் சூடாகி மறுபக்கம் ஆறினால் கோணாமல் என்ன செய்யும்?

ப்ளைவுட் மட்டம் என்று நினைக்கும் ஆசாரிக்கு இதைச் சொல். இங்கிலாந்தில் மர்ஃபி கம்பெனிக்கு 1930களில் பெட்டி வடிவமைத்த ஆர்.டி. ரஸ்ஸல், மரச்சாமான் செய்வதில் பெயர் பெற்ற குடும்பத்துக்காரர். அவர் செய்ததும் ப்ளைவுட்டின் மேல் வால்நட் வெனீர்தான். அமெரிக்காவில் 1930, 31 வாக்கில் ஃபில்கோ விற்ற, கோயில் வளைவு மாதிரி தலை உள்ள ரேடியோக்களும் ப்ளையை வளைத்துச் செய்தவை. அந்த வளைவை முழு மரத்தில் யாரும் செதுக்கவில்லை.

மூலை வளைவுக்கு இரண்டு வழி. 9 மி.மீ. ப்ளையில் உள்பக்கம் ரம்பத்தால் வரிவரியாக வெட்டி, வெளித்தோல் 1.5 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து வளைப்பது ஒன்று. கணக்கு சுலபம்: வெட்டின் ஆழம் 7.5 மி.மீ., நேர்கோணத்துக்கு அதை 1.57ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 12 மி.மீ. உள்பக்கம் சுருங்க வேண்டும், ரம்பவாய் 1.5 மி.மீ. என்றால் 8 வெட்டு. வெளி ஆரம் 4 செ.மீ. என்றால் வெட்டுக்கு வெட்டு 8 மி.மீ. இடைவெளி. மேல்தோலின் நார் வளைவைச் சுற்றி ஓடினால் படக்கென்று முறியும், நார் வளைவுக்கோட்டோடு நிற்கிற மாதிரி பலகையைத் திருப்பி வெட்டு. இதில் ஒரு குறை, வளைவு உருண்டையாக வராமல் பட்டை பட்டையாக, பென்சில் மாதிரி தெரியும், வெனீர் ஒட்டிப் பாலிஷ் அடித்த பிறகுதான் கண்ணில் குத்தும்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. மெல்லிய ப்ளையை அச்சில் அடுக்கி ஒட்டுவது. கட்டையில் வளைவை இழைத்து அச்சு செய், அதற்கு மெழுகு தடவு, 3 மி.மீ. வளைகிற ப்ளையில் மூன்று அடுக்கு, நடுவில் பசை, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விடு. கழற்றியதும் கொஞ்சம் விரியும். அதனால் அச்சின் ஆரத்தை 2, 3 மி.மீ. குறைத்தே செய். சாதாரண வெள்ளைப் பசை இந்த வேலைக்கு ஆகாது, காய்ந்த பிறகும் மெதுவாக நழுவும், ஆறு மாதத்தில் வளைவு தளர்ந்துவிடும். யூரியா பிசின் பவுடர் கிடைக்கும், அது கல் மாதிரி நிற்கும்.

வெனீர் தேக்கிலேயே போடு, வீட்டு உத்திரத்தை விட்டுவிடு. மேலே எங்காவது காற்றுக் கொப்புளம் வந்தால் பதற வேண்டாம், நார் ஓடும் திசையில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, ஊசி சிரிஞ்சில் பசை ஏற்றி, மேலே காகிதம் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் படிந்துவிடும்.

மாடிப்படி:

சீரிஸ் பல்பு சார், நல்லவேளை சொன்னீர்கள், ப்ளக் ஒயரையே கழற்றி வைத்துவிட்டேன். குமிழ்களைப் பார்த்தேன், இரண்டில் மெழுகு இருக்கிறது, இரண்டில் இல்லை. சின்ன வயதில் அதை அழுக்கு என்று நினைத்து நகத்தால் நோண்டியவனே நான்தான்.

இழைப்புளி ஐயா, அளந்து பார்த்தேன். தண்டு 23 மி.மீ. நீட்டுகிறது, குமிழுக்குள் 12 போக வேண்டும். மிச்சம் 11தான். அந்த ஸ்கேலை அப்படியே ஆசாரியிடம் காட்டினேன், ஒன்றும் பேசாமல் ஒரு பீடி பற்ற வைத்தார், அப்புறம் "9 எம்எம் ப்ளை வாங்கிட்டு வாங்க" என்றார். பாலிஷ் எதில் அடிப்பது? அரக்குப் பாலிஷ் கையால் போடுவேன் என்கிறார். ஸ்பீக்கர் துணியும் கிழிந்துவிட்டது.

ஓடாவி மகன் (யாழ்ப்பாணம்):

1995 இடப்பெயர்வின்போது எங்கள் வீட்டு ரேடியோவை விட்டுவிட்டுத்தான் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, மாரி மழை முழுக்க நனைந்து பெட்டி புத்தகம் மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தது. அப்பா அதை ஒவ்வொரு தாளாக உரித்து வெயிலில் காயவைத்து எண்ணினார். ஐந்து அடுக்கு, ஒவ்வொன்றும் நார் மாறி மாறி, வச்சிரப் பசை (தோல், எலும்பில் காய்ச்சும் பசை). அதைப் பார்த்துத்தான் அவர் புதுப் பெட்டி செய்தார், இன்றைக்கும் மேசையில் இருக்கிறது.

பாலிஷ் பற்றி ஒரு சொல். கம்பனிப் பெட்டிகளில் பெரும்பாலும் அடித்தது அரக்கு இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், துப்பாக்கியால் தெளித்தது. ஓரங்களில் கருமை கூடி நடுவில் தேன் நிறமாக இருக்கிறதே, அது மரத்தின் நிறம் இல்லை, லாக்கரில் சாயம் கலந்து ஓரத்தில் அதிகமாகத் தெளித்திருப்பார்கள். உங்கள் பழைய கூட்டில் பாலிஷ் அப்படியே இருப்பதால், ஒரு மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அசையாமல் இருந்து தின்னரில் கரைந்தால் லாக்கர். டயல் கண்ணாடிப் பக்கம் மட்டும் ஸ்பிரிட்டோ தண்ணீரோ போகக் கூடாது. எழுத்து கண்ணாடியின் பின்பக்கம் அச்சடித்தது, ஒரு துடைப்பில் கொழும்பும் போய்விடும், டெல்லியும் போய்விடும்.

துணிக்கு நெசவு இழைகள் கிடையாகவும் செங்குத்தாகவும் நேராக ஓடுவதாகப் பாருங்கள். டயலின் விளிம்புக்கு ஒரு இழை சரிந்திருந்தாலும் முழுப் பெட்டியும் கோணலாகத் தெரியும். வாயருகே பிடித்து ஊதினால் மூச்சு தடையில்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இழைப்புளி:

யாழ்ப்பாணத்து அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் தெளிக்க கம்ப்ரசர் இல்லாதவன் அரக்கு போட்டால் தப்பில்லை, நம் ஆசாரிகள் கை அதில் பழகியது. சூட்டில் அரக்கு இளகும், ஆகவே மேல்பலகையில் மட்டும் லாக்கர் அடி. பளபளவென்று இருக்கும் பியூ (பாலியூரித்தேன்) பாலிஷ் பக்கம் போகாதே, ரேடியோ மாதிரி இருக்காது, ஹோட்டல் ரிசப்ஷன் மேசை மாதிரி இருக்கும்.

பெட்டி முடிந்ததும் அடிப்பலகையின் உள்பக்கம் வருடத்தையும் ஆசாரி பெயரையும் பென்சிலில் எழுதிவை. புதுப் பெட்டியில் காபித் தூளும் மண்ணெண்ணெயும் தடவி "ஒரிஜினல் சார்" என்று விற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், நாளைக்கு உன் செட்டும் யார் கைக்குப் போகுமோ.

மாடிப்படி:

முதல் வளைவை அச்சிலிருந்து எடுத்தாயிற்று. அச்சின் ஆரத்தைக் குறைக்காமல் செய்துவிட்டோம், விரிந்துவிட்டது. ஆசாரி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பேத்திக்குப் பொம்மைத் தொட்டிலாம். இரண்டாவது பழைய வலது பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் நகம் நுழையாத அளவுக்குச் சேர்கிறது. பின்பக்கத்துக்கு என்ன போடுவது?

சீரிஸ் பல்பு:

3 மி.மீ. ஹார்டுபோர்டு. விரல் நுழையாத ஓட்டைகளாக, ரெசிஸ்டருக்கு நேரே நிறையப் போடுங்கள். கைத்திருகாணி வேண்டாம், ஸ்குரூடிரைவர் இல்லாமல் யாரும் திறக்க முடியக் கூடாது.